பழைய ஆலையைக் காப்பாற்றியாயிற்று. உள்ளே கார்பன் எங்கே ஒழுகுகிறது?

மூடிக் கிடந்த மின் நிலையம் அருங்காட்சியகமாகிறது. ரயில் எஞ்சின் பட்டறை நூலகமாகிறது. தானியக் கிடங்கு கலைக்கூடமாகிறது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ‘பசுமை’, ‘நிலைத்தன்மை’ என்ற சொற்களும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. மறுதரப்பும் சும்மா இருப்பதில்லை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், காற்றுப் புகும் சுவர், வெயிலையும் குளிரையும் அப்படியே உள்ளே விடும் தகரக் கூரை. இதற்கு ஆகும் மின்சாரத்துக்கு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மேல் என்கிறார்கள்.

இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. எது எப்போது உண்மை என்பதைக் கட்டடத்தின் வெளித்தோற்றத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே என்ன வைத்தார்கள், எப்படி வைத்தார்கள், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பிடுங்கி எறிவார்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. உள்ளக வடிவமைப்பை வண்ணமும் விளக்கும் நாற்காலியும் தேர்ந்தெடுக்கும் வேலை என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

முதலில் சில சொற்கள்

பழைய கட்டடத்தின் உடலை வைத்துக்கொண்டு அதற்கு வேறொரு வேலை கொடுப்பது தகவமைப்பு மறுபயன்பாடு. பழைய நிலைக்கே திருப்பிக் கொண்டுபோனால் அது மீட்டமைப்பு. தெருவைப் பார்த்த சுவரை மட்டும் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த அனைத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டுவதும் உண்டு. அதையும் சிலர் மறுபயன்பாடு என்றே விளம்பரப்படுத்துகிறார்கள். கார்பன் கணக்கில் அது ஏறக்குறைய புதுக் கட்டடம்தான்.

கணக்குக்கு இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். செங்கல் சுட, சிமென்ட் செய்ய, இரும்பு உருக்க, அவற்றை ஏற்றி இறக்கிக் கட்ட வெளியேறிய கரியமில வாயு ‘உள்ளடங்கிய கார்பன்’. கட்டடம் ஓடும் காலம் முழுக்க விளக்கு, சூடேற்றல், குளிரூட்டல் ஆகியவற்றுக்காக வெளியேறுவது ‘இயக்கக் கார்பன்’. முதலாவது கட்டி முடித்த அன்றே செலவாகிவிட்டது, திரும்ப வராது. இரண்டாவது மாதா மாதம் வரும் பில் போன்றது, குறைத்துக்கொள்ள வழியுண்டு.

இடிக்காதே என்பவர்களின் கணக்கு

எரிசக்தி, தொழிற்சாலைச் செயல்முறைகள் வழியாக உலகில் வெளியேறும் கரியமில வாயுவில் சுமார் 37 விழுக்காடு கட்டடங்களையும் கட்டுமானத்தையும் சேர்ந்தது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு. சிமென்ட் மட்டுமே உலக மொத்தத்தில் 7 முதல் 8 விழுக்காடு. இருக்கும் அடித்தளம், தூண், சுவர், தளம் ஆகியவற்றை வைத்துக்கொண்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

புதுக் கட்டடம் குறைவான மின்சாரத்தில் ஓடும் என்பது சரி. கட்டும்போது பட்ட கடனை அந்தச் சேமிப்பால் அடைக்க எத்தனை ஆண்டு ஆகும்? அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கணக்கிட்டது. சராசரிப் பழைய கட்டடத்தைவிட 30 விழுக்காடு திறன் மிக்க புதுக் கட்டடம்கூட, கட்டுமானத்தால் ஏற்பட்ட பருவநிலைப் பாதிப்பை ஈடுகட்ட 10 முதல் 80 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் என்றது. கட்டடத்தின் வகையும் இடமும் பொறுத்து இந்த எண் மாறுகிறது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி உண்டு. ஆராய்ந்த வகைகளில் ஒன்று இந்தப் போக்குக்கு மாறாக வந்தது: பழைய சரக்குக் கிடங்கை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றுவது. வெற்றுக் கூடத்துக்குள் அத்தனை வீடுகளுக்கும் சுவர், குழாய், சமையலறை, குளியலறை என்று புதுப் பொருள்களைக் கொட்ட வேண்டியிருந்தது. காப்பாற்றிய உடலின் லாபத்தை உள்ளே போட்ட பொருள் தின்றுவிட்டது.

கட்டடம் ஒன்றல்ல, நான்கு

பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டஃபி இதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்றைக் காட்டினார். கட்டடம் என்பது வெவ்வேறு வேகத்தில் மூப்படையும் நான்கு அடுக்குகள் என்பது அவர் கருத்து. ஓடு: தூண், சுவர், கூரை, பல பத்தாண்டுகள் நிற்கும். சேவைகள்: மின்கம்பி, குழாய், ஏ.சி.; சுமார் பதினைந்து ஆண்டு. காட்சி: பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங், தரைவிரிப்பு, ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு ஆண்டு. அரங்கப் பொருள்: மேசை, நாற்காலி, நாளுக்கு நாள் இடம் மாறும்.

இதை எண்ணாக்கிப் பார்ப்போம். விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்களே இவை. உண்மையில் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். புது ஓடு கட்டச் சதுர மீட்டருக்கு 400 கிலோ கார்பன் ஆகும் என்போம். உள்ளே ஒருமுறை ‘ஃபிட்-அவுட்’ செய்ய, அதாவது பார்ட்டிஷன், சீலிங், தரை எல்லாம் பொருத்த, 100 கிலோ. பத்தாண்டுக்கு ஒருமுறை உள்ளே மாற்றினால், அறுபது ஆண்டில் ஆறு முறை. மொத்தம் 600 கிலோ. பழைய ஓட்டை வைத்துக்கொண்டதால் ஒரே ஒருமுறை 400 மிச்சமாயிற்று. அதே கூரைக்கடியில் 600 சத்தமில்லாமல் குப்பை வண்டியில் ஏறிப்போகிறது.

ஒவ்வொரு முறையும் அது சிறிய வேலையாகத் தெரிவதால் யாரும் எண்ணுவதில்லை. இடிப்புக்கு எதிராக ஊரே திரளும். ஜிப்சம் போர்டைப் பெயர்த்துக் கொட்டுவதற்கு எதிராக எவரும் கொடி பிடித்ததில்லை.

ஆலைக் கூடத்தின் வரமே சாபமும்

தொழிற்கூடங்கள் மறுபயன்பாட்டுக்கு ஏற்றவையாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. எந்திரத்தின் எடையைத் தாங்கக் கட்டிய தளம் மனிதர்களையும் புத்தக அலமாரிகளையும் பெரும்பாலும் எளிதாகத் தாங்கும். தூண்களுக்கு இடையே அகலமான வெளி இருக்கும். மின்விளக்குக்கு முந்தைய காலக் கட்டடமானால் ரம்பப் பல் போன்ற கூரையும் வரிசையான பெரிய ஜன்னல்களும் பகல் வெளிச்சத்தை நடுக்கூடம் வரை கொண்டுவரும்.

சிக்கல் உயரத்தில் இருக்கிறது. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் காற்றின் கன அளவு 14,400 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 0.33 வாட்-மணி தேவை. வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும், மணிக்கு ஒருமுறை காற்று முழுதாக மாறுகிறது என்றால், கசிந்து போகும் காற்றை ஈடுகட்ட மட்டுமே இடைவிடாமல் 71 கிலோவாட் வேண்டும். சூடான காற்று மேலே போவதால் இதில் பெரும்பங்கு உத்திரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாக்களுக்கே போய்ச் சேரும்.

அதே கூடத்தின் தரையில் 300 சதுர மீட்டர் பரப்பில், 3 மீட்டர் உயரத்தில் மூடிய அறைகளை வைத்து, அவற்றை மட்டும் சூடேற்றினால் அதே கணக்குப்படி 4.5 கிலோவாட் போதும். பதினாறில் ஒரு பங்கு. இதைத் தொழிலில் ‘பெட்டிக்குள் பெட்டி’ என்பார்கள். உள்ளே வைக்கும் பெட்டி மழையையும் காற்றழுத்தத்தையும் தாங்க வேண்டியதில்லை என்பதால் மரச் சட்டமும் மெல்லிய பலகையும் போதும். கீழே அடித்தளமும் வேண்டாம்.

நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் 1932இல் கட்டிய எஞ்சின் பட்டறை 2019இல் ‘லோக்ஹால்’ என்ற நூலகமாகத் திறந்தது. அங்கே முழுக் கூடத்தையும் ஒரே வெப்பநிலையில் வைக்க முயலவில்லை. மனிதர்கள் உட்காரும் இடத்தை இதமாக்கு, நடந்து கடக்கும் இடத்தை விட்டுவிடு என்பதே கொள்கை. சுவருக்குப் பதிலாக ஆறு மாபெரும் துணித் திரைகள் தேவைக்கேற்ப நகர்ந்து கூடத்தைப் பிரிக்கின்றன. பழைய தண்டவாளத்தின் மேல் பெரிய மேசைகள் உருண்டு இடம் மாறுகின்றன. தண்டவாளத்தைக் கண்ணாடிக்கடியில் காட்சிப்பொருளாக வைத்திருக்கலாம். அதற்கே வேலை கொடுத்தார்கள்.

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பீப்பாய்த் தொழிற்சாலை ஒன்றைச் சமூகக் கூடமாக மாற்றிய கட்டடக் கலைஞர் லீனா போ பார்டி இதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழியில் போனார். 1982இல் திறந்த அந்தக் கூடத்தில் நூலகப் பகுதி கூரையைத் தொடாத தாழ்ந்த கான்கிரீட் மேடைகளாக நிற்கிறது. கூடம் கூடமாகவே இருக்கிறது. என் கணிப்பில் இந்த வகைப் பணிகளில் இன்றுவரை மிஞ்சப்படாத ஒன்று அது.

எதிரொலி: யாரும் படத்தில் பார்க்காத சிக்கல்

திறப்பு விழாப் படங்களில் ஒலி தெரியாது. செங்கல், கான்கிரீட், இரும்பு, கண்ணாடி எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. இயற்பியலாளர் வாலஸ் சபைன் வகுத்த சூத்திரம் எளிது: கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி எத்தனை விநாடி நீடிக்கும் என்று தெரியும்.

மேலே சொன்ன கூடத்தின் உட்பரப்பு 4,320 சதுர மீட்டர். கடினப் பரப்பு விழும் ஒலியில் 5 விழுக்காட்டையே உறிஞ்சும் என்று கொண்டால், எதிரொலி ஏறத்தாழ 11 விநாடி. அங்கே கூட்டம் நடத்தினால் பேச்சாளரின் மூன்றாவது வாக்கியம் முதல் வாக்கியத்தின் மேல் ஏறி விழும். இதை 1.5 விநாடிக்குக் கொண்டுவர சுமார் 1,546 சதுர மீட்டர் முழு உறிஞ்சு பரப்பு வேண்டும். தரையின் பரப்போ 1,200தான். கம்பளம் விரித்துத் தீர்க்க முடியாது என்பது கணக்கிலேயே தெரிகிறது.

எனவே கனத்த திரைகள், கூரையிலிருந்து தொங்கும் கம்பளிப் பட்டைகள், புத்தக அலமாரிகள், பெட்டி அறைகளின் மேற்பரப்பு என்று எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த எண்ணை எட்ட வேண்டும். டில்பர்க்கின் திரைகள் இடத்தைப் பிரிப்பதோடு ஒலியையும் விழுங்குகின்றன. ஒரு பொருள் இரண்டு மூன்று வேலை செய்வதே இந்தத் துறையில் உண்மையான சிக்கனம்.

சுவருக்குள் போகும் ஈரம்

பழைய கட்டடங்கள் மெல்லச் சாவது பெரும்பாலும் இதனால்தான். அதுவும் நல்லெண்ணத்தோடு செய்த வேலையால்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த செங்கல் சுவர் மழையில் நனையும், பிறகு இருபுறமும் உலரும். ஈரத்தை வாங்கி விட்டுவிடும் சுவர் அது. இன்றைய சுவர் வேறு வகை: ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கும். இரண்டு தத்துவங்களையும் ஒரே சுவரில் கலந்தால் என்ன ஆகும்?

1. முகப்பைக் கெடுக்கக் கூடாது என்பதால் வெப்பக் காப்பை உள்பக்கம் வைக்கிறார்கள். உள்ளிருந்து வந்த சூடு நின்றுபோவதால் செங்கல் முன்பைவிடக் குளிர்ந்து போகிறது.

2. அறையின் ஈரக்காற்று காப்பைத் தாண்டிப் போய் அந்தக் குளிர்ந்த செங்கல்லில் பட்டு நீராகிறது. அதைத் தடுக்க பிளாஸ்டிக் தாள் போட்டால், மழையில் நனைந்த சுவர் உள்பக்கம் உலரும் வழி அடைபடுகிறது.

3. சுவரில் புதைந்திருக்கும் மர உத்திரத்தின் முனைகள் ஈரத்திலேயே ஊறுகின்றன. நடுப்பகுதி திடமாக இருக்கும். தாங்கும் முனை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும்.

4. பனி விழும் நாடுகளில் செங்கல்லுக்குள் தேங்கிய நீர் உறைந்து விரிந்து முகத்தைப் பொரிப் பொரியாக உதிர்க்கும்.

வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் இதே கதை திசை மாறி நடக்கும். அங்கே ஈரம் வெளியிலிருந்து ஏ.சி. போட்ட அறையை நோக்கி வருகிறது. உள்சுவரில் வினைல் தாள் ஒட்டினால் அதன் பின்னால் நீர் கோத்துப் பூஞ்சை படரும். குளிர்நாட்டு விவரப்படத்தை அப்படியே எடுத்து வெப்பநாட்டில் போடுவது இதனால்தான் ஆபத்து.

ஈர ஆவியைக் கடத்தும் காப்புப் பொருள்கள் இருக்கின்றன: மரநார்ப் பலகை, கால்சியம் சிலிகேட் பலகை, சணல் தண்டுத் துணுக்கும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. அவற்றின் மேல் சுண்ணாம்புப் பூச்சு. தடிமனில் பேராசை கூடாது. மிதமான காப்பு போட்டுச் சுவரை உலரவிடுவதே நல்லது. கூரை இதிலிருந்து விலக்கு. வெப்பம் அதிகம் போவதும் வருவதும் அதன் வழியே. காப்பைத் தாராளமாக அங்கே போடலாம், பழைய உருவத்துக்கும் சேதம் குறைவு.

செங்கல்லை அம்மணமாக்கும் மோகம்

‘தொழிற்சாலைத் தோற்றம்’ என்றதும் பலருக்கு நினைவு வருவது பூச்சு உரித்த செங்கல் சுவர். வரலாறு வேறு மாதிரி. பிரிட்டனின் 1802ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலை, கம்பளி ஆலைகளின் உட்சுவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று விதித்தது. தூய்மைக்காக விதித்தது, வெளிச்சத்தைப் பரப்புவதற்கும் அது உதவியது. சட்டப்படி நடந்த ஆலைகளில் வேலை செய்தவர்கள் உள்ளே செம்பழுப்புச் சுவரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பூச்சை உரிக்க மணலை வீசி அடிப்பது இன்னும் மோசம். சூளையில் வெந்த செங்கல்லின் மேல்தோல் உள்ளிருப்பதைவிடக் கடினமானது. அது போனால் செங்கல் பஞ்சுபோல் நீரை உறிஞ்சும், தூசியாக உதிரும். உதிர்வதைத் தடுக்கப் பளபளப்பான ரசாயன மெருகு பூசுவார்கள். உலரும் வழி மறுபடியும் அடைபடும். மலிவான சுண்ணாம்பு அடித்திருந்தால் வெளிச்சமும் கிடைத்திருக்கும், சுவரும் பிழைத்திருக்கும்.

தீயும் நஞ்சும்

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் 1797இல் எழுந்த, ஆளிச் செடி நாரை நூலாக்கிய ஆலை, உலகின் முதல் இரும்புச் சட்டகக் கட்டடம். மரத்தளம் கொண்ட ஆலைகள் எரிந்து சாம்பலாவதைப் பார்த்துத்தான் வார்ப்பிரும்புக்குப் போனார்கள். வார்ப்பிரும்பு எரியாது, ஆனால் கடுஞ்சூட்டில் இருக்கும்போது தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தீயில் உப்பி நுரையாகி இரும்பைப் போர்த்தும் பெயின்ட் இப்போது இருப்பதால் தூண்களைப் பலகை போட்டு மறைக்க வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது. அந்த ஆலை 2022இல் மீண்டும் திறந்தது.

ஈயப் பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ் உறை, எண்ணெய் குடித்த தரை ஆகியவை பழைய தொழிற்கூடத்தில் எதிர்பார்க்க வேண்டியவை. வடிவமைப்பு தொடங்கும் முன்பே இவற்றைச் சோதிக்க வேண்டும். எதை அகற்றுவது, எதை மூடி வைப்பது என்ற முடிவு தெரியாமல் வரையும் வரைபடம் எப்படியும் இரண்டாம் முறை வரையப்படும்.

எடுத்தால் வரவேண்டும்

மரபிடங்களைப் பாதுகாக்க ஆஸ்திரேலியாவில் 1979இல் ஏற்கப்பட்ட பர்ரா சாசனம் தேவையான அளவு மாற்று, இயன்றவரை குறைவாக மாற்று என்கிறது. உள்ளக வடிவமைப்பில் இதன் நடைமுறைப் பொருள், புதிதாக வைப்பது எதுவும் பழையதைக் காயப்படுத்தாமல் கழன்று வரவேண்டும் என்பது. பசைக்குப் பதில் திருகு, வெல்டிங்குக்குப் பதில் போல்ட், செங்கல்லில் துளையிடுவதற்குப் பதில் சாந்து மூட்டில் துளை. கழற்றியதை வேறிடத்தில் பொருத்த முடியும் என்பதால் மரபைக் காக்கும் விதியே கார்பனையும் காக்கிறது.

எல்லாப் புகழ்பெற்ற பணிகளும் இதற்குள் அடங்குவதில்லை. கேப் டவுனில் 2017இல் திறந்த சைட்ஸ் கலை அருங்காட்சியகம், பழைய தானியக் கிடங்கின் 42 கான்கிரீட் குழாய்களுக்குள் குடைந்து உருவாக்கியது. நடுவெளியின் வடிவம் ஒரு மக்காச்சோள மணியைப் பெரிதாக்கியது. அறுத்தால் குழாய்கள் நிற்காது என்பதால் உள்ளே புதிதாகக் கான்கிரீட் ஊற்றி வலுவூட்ட வேண்டியிருந்தது. கண்கொள்ளாக் காட்சிதான், கழற்றிவிடக்கூடிய வேலை அல்ல. சன்னலே இல்லாத குழாய்க் கூட்டத்துக்கு வேறு வாழ்க்கை கிடைத்திருக்குமா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்வியே.

லண்டனின் டேட் மாடர்ன் 2000இல் திறந்தபோது, 1981இல் மூடிய பேங்க்சைடு மின் நிலையத்தின் டர்பைன் கூடத்தில் தளங்களை அடுக்கி இடத்தை நிரப்பவில்லை, வெறுமையாக விட்டார்கள். அந்த வளாகத்தில் மின்மாற்றி நிலையம் ஒன்று இன்னும் இயங்குகிறது. வீணாகும் அதன் வெப்பத்தை அருங்காட்சியகம் வாங்கிப் பயன்படுத்திக்கொள்கிறது.

‘பசுமை’ என்று செய்தி வந்தால் பார்க்க வேண்டியவை

1. முகப்பு தவிர எவ்வளவு எஞ்சியது? தளமும் தூணும் போயிருந்தால் பேச்சு முடிந்தது.

2. சேமித்ததாகச் சொல்லும் எண், மின்சாரத்தை மட்டும் சொல்கிறதா, உள்ளே போட்ட பொருளையும் சேர்த்ததா?

3. முழுக் கூடத்துக்கும் ஏ.சி. ஓடுகிறதா, மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு மட்டுமா?

4. பெயர்த்தெடுத்த கதவு, பலகை, இரும்பு எங்கே போயின? ‘மறுசுழற்சி’ என்ற சொல்லுக்குள் உடைத்துப் பள்ளம் நிரப்புவதும் ஒளிந்திருக்கும்.

5. குத்தகை ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. வணிகக் கட்டடங்களில் வெளியேறும் குத்தகைதாரர் இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. அவர் போட்ட அறைகள் நன்றாகவே இருந்தாலும் பிடுங்கியாக வேண்டும். அதன்பின் உரிமையாளர், அடுத்தவரைக் கவரப் பொதுவான சீலிங்கும் தரையும் விளக்கும் போடுவார். புதிதாக வருபவர் தன் ரசனைக்கு ஏற்ப அதையும் ஒருநாள்கூடப் பயன்படுத்தாமல் கழற்றிப்போடுவது உண்டு. பெட்டி அறைகளை எவ்வளவு கவனமாகப் போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்திருந்தாலும், அவற்றை அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால், அவை போய்ச் சேரும் இடம் குப்பை மேடே. அந்த வரியை எழுதுபவர் வழக்கறிஞர். அவர் எழுதும் முன் வடிவமைப்பாளரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் இன்னும் பெரும்பாலான இடங்களில் வரவில்லை.